ராய்சவுத்ரி: நாலு கழித்தல் கூட்டல்களில் ஒரு பிரபஞ்சம்

போன எபிசோடில் கருந்துளையின் உள்ளே போய், சிங்குலாரிட்டி வரைக்கும் வந்து நிறுத்தினோம். இன்னிக்கு அங்கிருந்து தொடரலாம். பேசப்போறது அமல் குமார் ராய்சவுத்ரியைப் பற்றி. 1923இல் பரிசாலில் பிறந்தவர். அந்த ஊர் இப்போ வங்கதேசத்தில் இருக்கு. ஈர்ப்பியல் படிக்கிற எல்லாரும் ஏதாவது ஒரு கட்டத்தில் அவர் பெயரைத் தாங்கிய சமன்பாட்டைப் போட்டுப் பார்த்திருப்பாங்க.

அவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை நல்லா ஆரம்பிக்கலை. கொல்கத்தாவில், சி.வி. ராமன் வேலை பார்த்த அதே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், நாலு வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். உருப்படியா எதுவும் வரலை. அப்புறம் அசுதோஷ் கல்லூரியில் தற்காலிக வேலை. பொதுச் சார்பியலைப் பெரும்பாலும் தானாகவே படிச்சது அந்தச் சமயத்தில்தான். 1952 வாக்கில் மறுபடி கழகத்துக்கே வந்தார். அங்கே அவர்கிட்ட எதிர்பார்த்தது உலோகங்களின் பண்புகள் பற்றிய வேலை. அதையும் செஞ்சார், சார்பியலைப் பக்கத்தில் வச்சுக்கிட்டார்.

அவரை உறுத்தின கேள்வி இது. 1922இல் ஃப்ரீட்மன் போட்ட கணக்குப்படி, விரிகிற பிரபஞ்சத்தைப் பின்னோக்கி ஓட்டினா அடர்த்தி முடிவிலியாகுது. ஆனா ஃப்ரீட்மனின் பிரபஞ்சம் எல்லாத் திசையிலும் அச்சு அசலா ஒரே மாதிரி. மைதானத்தில் வட்டமா நிக்கிற பிள்ளைங்க எல்லாரும் நடுப்புள்ளியை நோக்கி நேரா ஓடினா முட்டிக்குவாங்க. ஆளுக்குக் கொஞ்சம் சாய்ஞ்சு ஓடினா விலகிப் போயிடலாமே? சிங்குலாரிட்டி இயற்கையில் இருக்கிறதா, இல்லை நாம் வசதிக்காக வச்ச சமச்சீரால் வந்ததா?

அதனால சமச்சீர் எதையும் வைக்காமலே அவர் ஆரம்பிச்சார். ஒரு சின்னத் தூசி உருண்டையை எடுத்துக்கோங்க. அதன் கன அளவு எந்த வீதத்தில் மாறுது, அந்த வீதம் எப்படி மாறுதுன்னு எழுதினா நாலு உறுப்புகள் வருது. அந்த வீதத்தின் வர்க்கத்தில் மூணில் ஒரு பங்கு, கழித்தல் குறியோட. உருண்டை நீண்டு சப்பையாவது, அதுவும் கழித்தல். பொருளின் ஈர்ப்பு, கழித்தல். சுழற்சி மட்டும் கூட்டல். 1955 மே மாதம் ஃபிசிக்கல் ரிவ்யூவில் இது வந்தது. நாலே பக்கம்.

அந்த வர்க்க உறுப்புதான் இது ஒரு நான்லீனியர் சமன்பாடுங்கிறதுக்குக் காரணம். நான் வகுப்பில் இதை ஒரு கணக்கா போடச் சொல்வேன். ஒரு உருண்டை இப்போ வருஷத்துக்கு 3 சதவீத வீதத்தில் சுருங்குது. வீதம் மாறாம இருந்தா, அது கூட்டு வட்டியின் தலைகீழ்: 100 வருஷம் கழிச்சும் 5 சதவீதம் மிஞ்சியிருக்கும், என்னிக்கும் பூஜ்யமாகாது. வர்க்க உறுப்பைச் சேர்த்தா? சுருங்கச் சுருங்க வீதமே எகிறும். சரியா 100 வருஷத்தில் கன அளவு பூஜ்யம். ஈர்ப்பும் நசுங்கலும் சேர்ந்தா அதுக்கும் முன்னாடியே. முடிவில்லாத காலத்தில் நடக்கிறதும், தேதி குறிச்சு நடக்கிறதும் வேற வேற. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவர்றது ஒரு வர்க்கம்தான்.

இங்கே ஒண்ணு சொல்லியாகணும். ராய்சவுத்ரி சிங்குலாரிட்டி தவிர்க்க முடியாததுன்னு நிரூபிச்சுட்டார்னு சில கட்டுரைகளில் எழுதறாங்க. அது சரியில்லை. அவர் பின்தொடர்ந்தது நிஜமான பொருளை. நிஜப் பொருள் சுழலலாம். சுழற்சி உறுப்பு கூட்டல். அந்தக் கதவு திறந்தே இருந்தது. அதை மூடினது பத்து வருஷம் கழிச்சு, 1965இல் பென்ரோஸ், அடுத்து ஹாக்கிங். அவங்க பொருளை விட்டுட்டு, ஒரு பரப்பிலிருந்து செங்குத்தாகக் கிளம்புற கற்பனைப் பாதைகளைப் பிடிச்சாங்க. பென்ரோஸுக்கு ஒளிக்கதிர்கள், ஹாக்கிங்குக்குத் துகள் பாதைகள். அப்படிக் கிளம்புற பாதைகளுக்குச் சுழற்சி பூஜ்யம். மிச்சம் எல்லாம் கழித்தல்தான்! ஆனா பாதைகள் ஓரிடத்தில் குவிஞ்சா மட்டும் சிங்குலாரிட்டி ஆகிடாது, லென்ஸிலும்தான் ஒளி குவியுது. அதுக்கு மேல வெளிநேரத்தின் ஒட்டுமொத்த அமைப்பைப் பற்றிய தனி வாதம் வேணும். அது பென்ரோஸின் பங்கு. ராய்சவுத்ரிக்கு உரியதை அதிகப்படுத்திச் சொல்ல அவசியமே இல்லை. இருக்கிறதே போதுமான அளவு பெரிசு.

1959இல் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்களில் ஒருவர் ஜான் வீலர், ஆய்வேட்டைத் தனியா பாராட்டினார். 1961இல் பிரசிடென்சி கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே படிச்ச பலர் அவருடைய வகுப்புகளை இன்னும் பேசுறாங்க. 2005இல் காலமானார். பென்ரோஸுக்கு நோபல் வந்தது 2020இல்.

இன்னொரு விஷயம் பாக்கி. ஈர்ப்பு உறுப்பு எப்பவும் கழித்தலா இருக்கணும்னா ஆற்றலுக்கு ஒரு நிபந்தனை வேணும். 1998இல் பிரபஞ்சம் முடுக்கத்தோட விரியுதுன்னு தெரிஞ்சப்போ, பெரிய அளவில் அந்த நிபந்தனை நிக்கலைன்னு ஆச்சு. அப்படின்னா அந்தத் தேற்றங்களில் எது நிக்குது, எது ஆடுதுங்கிறதை அடுத்த எபிசோடில் எடுத்துக்கலாம். அதுவரைக்கும் அந்த 3 சதவீதக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிளஸ் டூ வகை நுண்கணிதம் போதும்.