உடையும் வாளும் கவ்வாத்துக் கத்தியும்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களிலே, மாலையில் லயத்துக்குத் திரும்பும் இளைஞர் பலர் கையில் இன்று கைப்பேசி உளது. அதிலே பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களும் உள. வீரனாக வேடம் பூண்டு, வாளும் கேடயமும் தேடி, மூலிகையும் தாதுவும் சேர்த்துப் புதுப்பொருள் செய்வதே அவற்றின் உயிர்நிலை. ஆடுவோர் அடிக்கடி சலித்துக்கொள்வதும் அப்பொருள்களைப் பற்றியே. அச்சலிப்பில் நியாயம் எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுகிறோம். கத்தி மழுங்கும், மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோ வெளியிட்ட 'பிரெத் ஆஃப் த வைல்ட்' என்னும் ஆட்டத்திலோ, வாள் சில சண்டைகளிலேயே உடைந்து சிதறிவிடும். பெரும்பாலான ஆயுதங்களைச் செப்பனிட வழியில்லை. ஒன்றையே பற்றிக்கொண்டிராமல் பலவற்றையும் பழகட்டும் என்பது அமைத்தோர் கருத்து. கருத்து நன்றே, விளைவு வேறாயிற்று. நல்ல வாளைப் பெற்றவர் பலர், உடைந்துவிடுமே என்றஞ்சி அதை வெளியே எடுக்காமலே வைத்திருந்தனர். 2023இல் வந்த அடுத்த ஆட்டத்தில், கண்டெடுத்த பொருளை ஆயுதத்தோடு பொருத்தி வலுவூட்டும் வழி கிட்டியது. உடைதல் ஒழியவில்லை, ஆயினும் ஆடுவோனின் அறிவுக்கு ஒரு வேலை கிடைத்தது.

அடுத்தது சுமை. 2011இல் வெளிவந்த 'ஸ்கைரிம்' ஆட்டத்தில், அளவுக்கு மேல் பொருள் சுமந்தால் வீரன் ஓட இயலாது. கொழுந்துக் கூடையின் பாரம் அறிந்த நம் பெண்களுக்கு இது புதிதன்று. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சிந்திக்கச் செய்தால் அந்த வரம்பு நன்று. கடைக்கும் குகைக்கும் வீணே நடக்கச் செய்வதோடு நின்றுவிட்டால் அது வெறும் தொல்லையே.

பொருள் செய்யும் முறைக்கு வருவோம். தொழிற்சாலையிலே கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்தித் தரம் பிரிக்கிறார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் ஊட்டுகிறது. காற்று நம் வசமில்லை. ஆயினும் கைத்திறன் இன்றேல் அந்த மணம் கோப்பையை வந்தடையாது. ஆட்டத்திலும் நற்பேறு இருக்கலாம். அது திறமையை விழுங்கிவிடலாகாது.

2012இல் வெளிவந்த 'டயாப்லோ' மூன்றாம் ஆட்டத்தில், அரிய பொருள்களை உண்மைப் பணம் கொடுத்தே ஏலத்தில் வாங்க வழி செய்திருந்தனர். பகைவரை வென்று பொருள் தேடும் இன்பத்தையே சந்தை குலைத்துவிட்டது. வெளியிட்ட நிறுவனமே அதனை உணர்ந்து, 2014 மார்ச் மாதத்தில் ஏலத்தை மூடியது.

இதனினும் கொடிது, காசு வாங்கிக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லாத பெட்டி. எப்போது கிட்டும் என்றறியாத பரிசு உயிர்களை விடாது பிணிக்கும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் ஆய்ந்து காட்டினார். சில ஆட்டங்களில் விற்கப்பட்ட இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவன என்று பெல்ஜியம் நாட்டின் அதிகாரிகள் 2018இல் அறிவித்தனர். நாட்கூலியில் நடக்கும் குடும்பத்திலே, அப்பெட்டிக்குப் போகும் பணம் அரிசிக்கும் புத்தகத்துக்கும் உரியதன்றோ?

ஆதலின் பெற்றோர் ஆட்டத்தை முற்றாக வெறுக்க வேண்டுவதில்லை. பிள்ளையின் அருகமர்ந்து மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இந்தத் துன்பம் உனக்கு ஏதேனும் கற்பிக்கிறதா? தோற்றபின் வேறு வழி உண்டா? துன்பத்தினின்று மீள உன்னிடம் காசு கேட்கிறதா? முதலிரண்டுக்கும் 'ஆம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் விடை வருமாயின், அந்தப் பிள்ளை நல்ல விளையாட்டையே ஆடுகிறான். மூன்றாவதற்கு 'ஆம்' என்பானாயின், கைப்பேசியைப் பறிக்குமுன் அதன் காரணத்தை அவனுக்கு எடுத்துரையுங்கள்.