பொதுக்கட்டடங்களில் உயிர்காக்கும் சாதனங்கள்
(ஜமாஅத் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தை நம் மாவட்டம் மறந்திருக்க முடியாது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பல குடும்பங்கள் ஆதரவிழந்தன.

பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பு, எரிவதற்கான பிராணவாயுவைத் தானே தருவது. எனவே தீயை மூடி அணைக்கும் கருவி அங்கே பலிக்காது. ஆலைத் தீயைத் தீயணைப்புத் துறையினரிடமே விட்டுவிட வேண்டும். நம் பொறுப்பு பள்ளிவாசல், மதரஸா, திருமண மஹால் ஆகியவற்றில் தொடங்குகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சமையற்கூடத்திலிருந்தே கூரைக்குத் தாவிற்று. நம் மஹால்களிலும் பந்திக்கூடத்தின் பின்னாலேயே பிரியாணி அடுப்பு எரிகிறது. அங்கு ஒன்றும் மின்பலகை அருகே ஒன்றுமாகத் தூள்வகைத் தீயணைப்பான்கள் வேண்டும். முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். பின்னை உருவி, சுடரை விட்டு அதன் அடிப்பகுதியில் அடிக்க வேண்டும். அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடுமாதலால், பழகாத கையில் அது வீணே.

தீப்புண் பட்டவருக்கு நம்மிடம் அரிய சாதனம் ஒன்று முன்னரே உள்ளது. அதுவே ஒளுச் செய்யும் குழாய். ஓடும் நீரில் 20 நிமிடம் புண்ணைக் காட்டுக. வீங்குமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றுக. ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. ஐஸ், இங்க், பற்பசை எதுவும் ஆகாது. (இங்க் ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை!) பின் தூய துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும்.

பள்ளிவாசல்தோறும் சந்தூக் உண்டு. உயிரோடிருப்பவரைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் வைத்திருக்கும் பள்ளிகள் எத்தனை? சந்தூக்கிற்கு அருகிலேயே அதற்கும் இடமுண்டு; செலவும் பெரிதன்று.

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்வால் சீராக்கும் டிஃபிபிரிலேட்டர் விலை மிகுந்தது. அதை நன்கொடை திரண்டபின் ஆலோசிப்போம். ஆனால் நெஞ்சின் நடுவே நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தும் பயிற்சிக்குக் கைகளே போதும். முஹல்லாவுக்கு நான்கு இளைஞர்களையேனும் இதற்கு அனுப்பவும், முதலுதவிப் பெட்டியைப் பூட்டாமல் முஅத்தின் அறை வாசலில் வைக்கவும் இப்பொதுக்குழு தீர்மானிக்குமாறு வேண்டுகிறோம்.