கொச்சியைக் கேட்டுவிட்டு வந்தேன்

வானொலியில் ஒரு ஊரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. உங்களுக்குப் படம் காட்ட முடியாது. இந்த முறை அந்தக் குறை தெரியாத ஓர் ஊருக்குப் போய்வந்தேன். ஃபோர்ட் கொச்சி, அதை ஒட்டிய மட்டாஞ்சேரி. ஒரு சனி, ஒரு ஞாயிறு. கண்ணை மூடிக்கொண்டாலும் காதையும் மூக்கையும் சும்மா விடாத ஊர்.

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து பாலம் வழியாகப் பஸ்ஸிலும் போகலாம். போகாதீர்கள், படகில் போங்கள். 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ குளுகுளுவென்று, ஓசையே இல்லாமல் போகிறது. நான் பழைய அரசுப் படகில்தான் ஏறினேன். எஞ்சின் தடதடப்பில் பெஞ்சோடு நாமும் அதிர வேண்டும், அப்போதுதான் கொச்சிக்குப் போகிற மாதிரி இருக்கிறது. வழியில் தெரிகிற வில்லிங்டன் தீவு, துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி மனிதர்கள் உண்டாக்கியது.

துறைமுகமே கூட ஒரு வெள்ளத்தின் பிள்ளை என்பார்கள். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. முசிறி மண்மூடிப் போயிற்று, இங்கே கொச்சியில் கடல் வாய் திறந்தது. சங்கப் பாட்டில் யவனர் மிளகு ஏற்ற வருவார்களே, அதே முசிறிதான். பிறகு அந்த மிளகுக்காகவே 1500-இல் போர்ச்சுகீசியர் வந்தார்கள், 1663-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர். ஆண்டுகளை நீங்கள் மறந்துவிட்டாலும் பரவாயில்லை.

தங்கிய விடுதியில் சாவி போட்டுக் கதவைத் திறந்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, பையை அலமாரியில் வைத்து, மேசையருகே உட்கார்ந்தேன். இப்போது நான் சொன்னதில் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை நான்கும் போர்ச்சுகீசியர் கொடுத்துவிட்டுப் போன சொற்கள். கொச்சிக்கு வராமலேயே நாம் பாதிக் கொச்சியை வீட்டில் வைத்திருக்கிறோம்.

விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். அங்கே வரிசையாக நிற்பவை சீன வலைகள். தேக்குக் கட்டைகளைக் கட்டி நிறுத்திய ராட்சதத் துலாக்கோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் வீடளவு வலை, மறு முனையில் கயிற்றில் தொங்கும் பெருங்கற்கள். ஒருவர் நடுக்கட்டை மேல் முன்னால் நடந்தால் போதும், அவர் எடைக்கே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். பிறகு நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கட்டை முனகும். கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் ‘டொக், டொக்’ என்று உட்காரும். வலை தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வரும். நான் பார்த்த இழுப்பில் ஒரு கைப்பிடி பொடிமீன், ஒரு நண்டு, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பக்கத்தில் காத்திருந்த கொக்குக்குத்தான் லாபம். சீனத்துக் குப்ளாய் கானின் ஆட்கள் கொண்டுவந்த வலை என்று ஒரு கதை. இல்லை, மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்று இன்னொரு கட்சி.

நடை தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். காலிக் கல்லறையைச் சுற்றி எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். பெரிய துணி விசிறிகள் வரிசையாகத் தொங்குகின்றன, அவற்றின் கயிறுகள் சுவர் வழியாக வெளியே போகின்றன. உள்ளே பிரசங்கம் கேட்டவர்களுக்குக் காற்று. வெளியே வெயிலில் நின்று இழுத்தவர்களுக்குக் கல்லறை எதுவும் இல்லை.

பிறகு மட்டாஞ்சேரி யூதத் தெரு. 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் பூட்டியிருந்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்பது உலகத்துக்கே தெரியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. தெருவில் சுக்கு, ஏலம், மிளகு வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. இங்கே மிளகு வியாபாரச் சங்கத்தில் ஒரு காலத்தில் கூச்சல் போட்டே விலை பேசுவார்கள். கணினி வந்து அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டது.

வெறும் கையோடு நின்றவனைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர், “தமிழ்க்காரங்க துணி அலக்கற இடம் இருக்கு, போகாமோ சேட்டா?” என்றார். அப்படித்தான் வெளி என்ற பகுதியிலுள்ள தோபி கானாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டு வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். அந்த வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். தூரத்திலேயே கேட்டது, கல்லில் துணி அடிபடும் ‘தப், தப்’. மைதானம் நிறைய வெள்ளை வேட்டியும் படுக்கை விரிப்பும். கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணி முனையைச் செருகிவிடுகிறார்கள்.

கரிப்பெட்டியில் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, நீங்க எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?” என்று கேட்டேன்.

“நாங்க எங்கேர்ந்தும் வரலியே தம்பி. நீதான் வந்திருக்கே” என்றார். மலையாளச் சாயல் விழுந்த தமிழ்.

அசடு வழிந்தபடி, பையிலிருந்த கசங்கிய சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டைக் கரி மினுமினுத்தது. நீர் தெளித்ததும் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம். கஞ்சி மணம் கிளம்பியது. அம்மாவின் பருத்திப் புடவை மடிப்பு ஞாபகத்துக்கு வந்தது.

சாப்பாட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கரையோரம் விளக்குப் போட்டு மீனைப் பரப்பிவைத்திருக்கும் ஒரு கடையில் இரவு உட்கார்ந்து, அதிக விலையையும் தந்து, ருசியில்லாத மீனையும் தின்றேன். அதைவிட மறுநாள் மதியம் படகுத்துறைப் பக்கம் சுமை தூக்குகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட கப்பையும் மீன்குழம்பும் பல மடங்கு மேல். கப்பை என்றால் நம் மரவள்ளிக்கிழங்கு. அதுவும் மிளகாயும் போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்தவை. குழம்புக்குக் குடம்புளி, கறுத்து, புகைவாசத்தோடு. மட்டாஞ்சேரி பிரியாணிக்கு ஆசைப்பட்டு இரண்டரை மணிக்குப் போனால் அண்டா கவிழ்ந்திருந்தது. நீங்கள் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள், பக்கத்தில் வைக்கும் பேரீச்சம்பழ ஊறுகாயையும் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெப ஆலயம் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சீனாவில் கையால் நீலம் தீட்டிய ஓடுகள் தரை முழுக்க. வெறுங்காலுக்கு அவ்வளவு குளிர்ச்சி. 1948-க்குப் பிறகு பெரும்பாலான யூதர்கள் இஸ்ரேல் போய்விட்டார்கள். அருகிலுள்ள அரண்மனையில் ராஜாவின் படுக்கையறைச் சுவரில் ராமாயணம் முழுக்க வரைந்திருக்கிறது. போர்ச்சுகீசியர் கட்டி ராஜாவுக்குக் கொடுத்ததை டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள். பழுதுபார்த்தவர் பெயரில்தான் ஊர் அதை அழைக்கிறது, டச்சு அரண்மனை என்று.

மாலை ரயிலுக்கு, பெரியவர் தேய்த்துக் கொடுத்த அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பாலக்காடு வரை நின்றுகொண்டே பயணம். கோயம்புத்தூரில் இறங்கும்போது நான்தான் கசங்கியிருந்தேன், சட்டையில் மடிப்பு கலையவில்லை.