விழுந்தவரைப் பார்க்கும் கண்



உடல், நரம்பு, மனம் என்று நோய்களை மூன்றாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். ஆனால் பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரெனச் சரிந்து, கைகால் உதறிக் கிடக்கும்போது இந்த மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். "காக்காய் வலிப்பு" என்பார் ஒருவர்; சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார் இன்னொருவர். காரணத்தைப் பிரித்தறிய மருத்துவருக்கு முதல் துணை, அருகில் நின்று பார்த்தவரின் சொல்தான். அதையே இன்று வலியுறுத்த விழைகிறேன்.

முதலில் உடல். வெயிலில் நெடுநேரம் நின்றாலோ, இரத்தத்தைக் கண்டு அஞ்சினாலோ இரத்த அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரும். முகம் வெளுக்கும், வியர்க்கும், கண் இருட்டும். படுத்ததும் விரைவில் தெளியும். இதிலும் சில நொடிகள் கைகால் வெட்டுவதுண்டு. அதை வலிப்பென்று எண்ணிவிடுகிறோம். ஓடும்போதோ உழைக்கும்போதோ மயங்கி விழுந்தால் இதயத்தைச் சோதித்தே ஆகவேண்டும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தாலும் நினைவு தப்பும், வலிப்பும் வரலாம்.

அடுத்து நரம்பு, அதாவது மூளை. நரம்பணுக்கள் கூட்டாக, அளவுமீறி மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு வருகிறது. பெருவலிப்பில் உடல் விறைத்துப் பிறகு உதறும்; கண் பெரும்பாலும் திறந்திருக்கும்; நாக்கின் ஓரம் கடிபடலாம். சில நிமிடங்களில் அடங்கியபின் குழப்பமும் தூக்கமும் தொடரும். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். முறையான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும். நம் நாட்டில் பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான உணவு, நீர் வழியே உடலுக்குள் போய், அதன் இளம்புழு மூளையில் தங்குவதும் ஒரு முக்கியக் காரணம். மூளை ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டிகளைக் காசநோய்க் கட்டிகள் என்றே கருதிவந்த காலத்தில், அவற்றில் பல இந்தப் புழுவால் வந்தவை என்று காட்டியவர்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள்.

மூன்றாவது மனம். தாங்கவொண்ணா மன அழுத்தமும் பழைய காயங்களும் வலிப்புப் போலவே வெளிப்படுவதுண்டு. பலருக்கு அப்போது கண் இறுக மூடியிருக்கும். தலை இருபுறமும் அசையும். உதறல் கூடியும் குறைந்தும் நெடுநேரம் நீடிக்கும். இது நடிப்பன்று, அவர் வேண்டுமென்று செய்வதும் அன்று. வலிப்பு மாத்திரை இதற்குப் பயன்படாது, உளச்சிகிச்சை உதவும். சிலருக்கு இந்நிலையும் வலிப்பு நோயும் சேர்ந்தே இருப்பதால், ஓர் அறிகுறியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

சோதனையாலும் எப்போதும் தெளிவு கிடைப்பதில்லை. மனித மூளையின் மின்னலைகளை மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924இல். நூறாண்டு கடந்தும், வலிப்பு இல்லாத நேரத்தில் எடுக்கும் இ.இ.ஜி. என்னும் அந்த மின்னலைப் பதிவு இயல்பாக இருக்கக்கூடும். அதனால்தான் "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று மருத்துவர் உடன் வந்தவரைக் கேட்கிறார்.

ஆகவே, விழுந்தவரைச் சுற்றி இடம் விடுங்கள். தலைக்கடியில் மென்மையாக எதையாவது வையுங்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். சாவிக்கொத்தோ வேறு இரும்போ எந்த வலிப்பையும் நிறுத்தாது. வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எவ்வளவு நேரம் நீடித்தது, கண் திறந்திருந்ததா, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள். உறவினர் கைப்பேசியில் எடுக்கும் காணொளி மருத்துவருக்குப் பேருதவி. அதை வேறெவருக்கும் அனுப்பாதீர்கள்.

விழுந்தவரைப் பார்க்கும் கண்ணோடு, வலிப்பு நோயைப் பார்க்கும் சமூகத்தின் கண்ணும் மாறவேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999இல் அது நீக்கப்பட்டது. சட்டம் திருந்தியும் பெண் பார்க்கும் வீடுகளில் மாத்திரை இன்னும் ஒளிக்கப்படுகிறது. ஒளிக்கும் நாளில் மாத்திரை தவறும், தவறினால் வலிப்பு திரும்பும். ஒரு குடும்பம் தயங்காமல் "எங்கள் மகளுக்கு வலிப்பு உண்டு, மருந்து சாப்பிடுகிறாள்" என்று சொல்லும் சூழலை உருவாக்குவது, மருந்து எழுதுவதற்கு இணையான மருத்துவம். அதை மருத்துவரால் தனியே செய்ய இயலாது. உங்கள் அனைவராலும் இயலும்.