ஒரு மலையின் இறக்கம் எத்தனை அடி?



குளிர்நாடுகளில் மக்கள் காலில் நீண்ட சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு பனிச்சரிவுகளில் இறங்கி விளையாடுவர். அதற்கென அமைந்த நிலையங்கள் தம் பெருமையைச் சொல்லும்போது ஓர் எண்ணை முன்னே நிறுத்தும். தொடங்கும் உச்சிக்கும் முடியும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வேறுபாடே அந்த எண். அதனைச் செங்குத்து இறக்கம் என்று நாம் கூறலாம். வளைந்து வளைந்து எத்தனை மைல் சறுக்கினாலும், கணக்கில் வருவது நேர்குத்தாக இறங்கிய அளவு மட்டுமே. எண் பெரிதாயின் வருகிற கூட்டமும் பெரிது. ஆகவே, அதனை எவ்வாறு அளக்கிறார்கள் என்று கேட்பது வீண் கேள்வியன்று.

இவ்வகை அளவை மிகப் பழையது. 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள், பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞரின் வேண்டுகோளின்படி, அவருடைய தமக்கையின் கணவர் பெரியே பாதரசக் குழாயுடன் பியூய் த தோம் என்னும் மலைமீது ஏறினார். அடிவாரத்து ஊரில் நின்றதைவிட, உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் தாழ்ந்து நின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்று கண்கூடாயிற்று. ஆனால் பெரியே செய்த மற்றொரு காரியமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கிளெர்மோன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் இன்னொரு குழாயை நிறுத்தி, நாள் முழுவதும் அதனைக் கவனிக்குமாறு ஒரு துறவியிடம் ஒப்படைத்துச் சென்றார். கீழே பாதரசம் அசையவில்லை. ஆகவே, மேலே கண்ட தாழ்வு மலையால் வந்ததேயன்றி வானிலையால் வந்ததன்று என்பது உறுதியாயிற்று.

அந்தத் துறவி இல்லாவிடில் என்ன நேரும்? கடல்மட்டத்தருகே ஏறக்குறைய 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 மில்லிபார் குறைகிறது. நீங்கள் மலையேறிக்கொண்டிருக்கும்போதே வானிலை மாறி அழுத்தம் 5 மில்லிபார் இறங்குமாயின், ஏறாத 40 மீட்டரை ஏறியதாகப் பாரமானி சொல்லும். செயற்கைக்கோள்களின் துணையால் அளக்கும் கைக்கருவிகளும் பிழையற்றவை அல்ல. கிடைமட்ட இடத்தைவிட உயரத்தையே அவை மிகுதியாகப் பிழைபடக் காட்டும். ஆனால் இங்கே நமக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இறக்கம் என்பது இரண்டு உயரங்களின் கழித்தல் அல்லவா? இரண்டிலும் ஒரே பிழை இருக்குமாயின், கழிக்கும்போது அது ஒழிந்துபோகும். உச்சியை ஒரு முறையாலும் அடிவாரத்தை வேறொரு முறையாலும் அளந்தால் அந்த வாய்ப்பு இல்லை. தேர்ந்த நில அளவையாளர் ஒருவர் முயன்றால் இந்த வேறுபாட்டை அங்குலக் கணக்கில் கூறிவிடுவார்.

அப்படியாயின் ஐயத்துக்கு இடம் ஏது? கருவியில் இல்லை, முனைகளில் இருக்கிறது. கிணற்றின் ஆழம் என்ன என்று கேட்டால், ஒருவர் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து கயிறு விடுவார். மற்றொருவர் தரைமட்டத்திலிருந்து விடுவார். இருவர் கயிறும் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒயிட்பேஸ் என்றொரு மலை உண்டு. 1980-ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. அதன் இறக்கம் 3,430 அடி என்பது விளம்பரம். ஆயினும் கம்பிவழி நாற்காலியில் ஏறி அப்படியே சறுக்கி இறங்குவோருக்குக் கிடைப்பது 3,166 அடியே. எஞ்சிய 264 அடியைப் பெற வேண்டுமாயின் நாற்காலியை விட்டிறங்கி, காலால் நடந்து மேலேற வேண்டும். அந்த மேற்பகுதியோ பனி நன்கு படிந்த நாட்களில்தான் திறக்கப்படும். இரண்டு எண்களையும் அந்நிலையத்தாரே கூறுகின்றனர் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். இருப்பினும் நினைவில் நிற்பது பெரிய எண்ணே!

உச்சியும் அடிவாரமும் நாளுக்கு நாள் மாறுவதில்லை. வேண்டுபவர் வரைபடத்தை எடுத்துச் சரிபார்க்கலாம். நேற்றிரவு பெய்த பனியை அவ்வாறு சரிபார்ப்பது எளிதன்று. சின்மன், சிட்ஸ்விட்ஸ் என்ற இரு பொருளியலறிஞர்கள் நிலையங்களின் பனி அறிக்கைகளை ஆராய்ந்தபோது, வாரக் கடைசி நாட்களில் மட்டும் பனி மிகுதியாகப் பெய்ததாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டனர். வானம் கிழமை பார்த்தா பொழியும்?

விதி கண்டிப்பாக இருக்குமிடத்தில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். ஒலிம்பிக்கில் ஆடவர் இறக்கப் பந்தயத்துக்குக் குறைந்தது 800 மீட்டர் செங்குத்து இறக்கம் வேண்டும். 1984-ஆம் ஆண்டுப் போட்டிகள் அன்றைய யுகோஸ்லாவியாவின் சரயேவோ நகருக்குக் கிடைத்தன. பந்தயத்துக்குத் தேர்ந்த பியெலாஷ்னித்சா மலையின் உச்சி 2,067 மீட்டர். பந்தயம் முடியும் இடம் 1,273 மீட்டர். கழித்துப் பாருங்கள், 794 தான் வரும். விளம்பரத் தாளாயின் அதனை 800 என்று எழுதிவிட்டிருப்பார்கள். இங்கே அது செல்லாது. எனவே அமைப்பாளர்கள் உச்சியின்மேல் ஓர் உணவு விடுதியை மாடிகளுடன் கட்டினர். வீரர்கள் அக்கட்டடத்திலிருந்தே புறப்பட்டனர். தொடக்கம் 2,076 மீட்டராக உயர்ந்தது. இறக்கம் 803 மீட்டராயிற்று. இதனைக் குறுக்கு வழி என்று நகைப்பவர் உண்டு. நான் நகைக்கமாட்டேன், அவர்கள் எண்ணை உயர்த்தவில்லை, தொடக்க இடத்தையே உயர்த்தினார்கள்.

பிப்ரவரி 16-ஆம் நாள் அந்த மாடியிலிருந்து பாய்ந்த அமெரிக்க இளைஞர் பில் ஜான்சன், தமக்கு அடுத்து வந்தவரை 0.27 விநாடியில் வென்று தங்கப் பதக்கம் பெற்றார்.