லாரியின் தலைமாற்றம்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைகிறது. அதிலிருந்து சற்றே விலகி நிற்கும் சிற்றூர் கோட்டுகால். 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் பணியைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து தருவித்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களே அவ்வண்டிகளை ஓட்டின. ஆகவே டீசலின் ஓசை இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று.

முப்பது ஆண்டுகளுக்கு முன், கோட்டுகாலில் வாழ்ந்த என் தாய்மாமன் கடன்பட்டுப் பழைய லாரி ஒன்றை வாங்கினார். ஆரல்வாய்மொழிச் செங்கல்லை ஏற்றிவந்து நெய்யாற்றின்கரைப் பக்கம் இறக்குவது அவர் தொழில். ஒரு கோடையில் ரேடியேட்டரில் நீர் வற்றி, எஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட்டு விரிசல் கண்டது. புதியது வாங்கப் பணமில்லை. பழைய சாமான் கடையொன்றில் வேறொரு ஹெட்டு கிடைத்தது. போல்ட்டுத் துளைகள் அனைத்தும் அச்சாகப் பொருந்தின. “துளை பொருந்தினால் போதுமே” என்று மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே தொல்லை தொடங்கிற்று. வண்டி எளிதில் உயிர்பெறவில்லை, வெண்புகை கக்கியது, ஏற்றத்தில் பாரத்தோடு திணறியது. தவணையோ நாள் தவறாமல் வந்து நின்றது!

காரணம் என்ன? எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே இருக்கையில் அதன் மேலுள்ள இடத்தின் கொள்ளளவு ஒன்று. அது மேலேறி நின்றபின் எஞ்சும் இடத்தின் கொள்ளளவு மற்றொன்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே அமுக்க விகிதம். சிலிண்டரின் விட்டம் 100 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 120 மில்லிமீட்டர் என்று கொள்வோம். பிஸ்டன் கடக்கும் இடம் ஏறத்தாழ 942 கன சென்டிமீட்டர். மேலே எஞ்சும் இடம் 59 என்றால் விகிதம் 17.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கு இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்க வேண்டும். வெப்பம் சிறிதும் கசியாதெனக் கொண்டால், 27 டிகிரியில் புகும் காற்று, 17க்கு ஒன்றாக அமுங்கும்போது 660 டிகிரி அளவுக்குச் சூடேறும்.

மாமன் வாங்கிய ஹெட்டு முன்னரே பலமுறை செப்பனிடப்பட்டது. வால்வு இருக்கைகளைத் தேய்த்துத் தேய்த்து வால்வுகள் உள்ளே அமிழ்ந்திருந்தன. முகம் இழைக்கப்பட்டிருந்ததால், அதை ஈடுசெய்வதாக எண்ணித் தடித்த கேஸ்கெட்டையும் போட்டுவிட்டார்கள். அவ்வெஞ்சினிலோ ஹெட்டின் அடிமுகம் தட்டை. எரிகுழி பிஸ்டனில்தான் இருந்தது. ஆகவே முகத்தை இழைத்ததால் எரியறை குறையவில்லை, ஈடுசெய்ய ஏதுமில்லை. கேஸ்கெட்டின் தடிப்பு ஒரு மில்லிமீட்டர் கூடினால், நம் கணக்கில் மேலே எஞ்சும் இடம் 8 கன சென்டிமீட்டர் பெருகும். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள இரு வால்வுகளும் ஒரு மில்லிமீட்டர் அமிழ்ந்தால் மேலும் இரண்டரை சேரும். விகிதம் 17லிருந்து 15க்கும் கீழே இறங்கிவிடும். வெப்பமும் 50 டிகிரிக்கு மேல் குறையும். குளிர்ந்த இரும்பு அதிலும் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறும். இரண்டு தேக்கரண்டி கொள்ளும் இடம் ஒரு குடும்பத்தின் வருவாயை எப்படி அசைத்துவிடுகிறது, பாருங்கள்.

அப்படியானால் விகிதத்தை உயர்த்திக்கொண்டே போகலாமா? அதுவும் தகாது. டீசலில் கேஸ்கெட்டு அளவுக்கு மீறி மெலிந்தால் பிஸ்டன் வால்வையே முட்டும். பெட்ரோல் எஞ்சினில் விகிதம் 6லிருந்து 7 ஆனால், அதே எரிபொருளுக்கு நூற்றுக்கு ஐந்தாறு பங்கு வேலை கூடும் என்பது ஏட்டுக்கணக்கு. ஆயினும் எல்லை கடந்தால் எரிபொருள் தானே வெடித்துத் தட்டும் ஓசை எழும். பிஸ்டன் உருகவும் கூடும். இத்தட்டலை ஆங்கிலப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ ஆராய்ந்தார். அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச்சேர்மம் கலந்து அதை அடக்கினார். அந்த ஈயம் காற்றையும் நஞ்சாக்கிற்று. இந்தியா 2000ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது.

பிறகு பாறசாலையில் முதிய மேஸ்திரி ஒருவர் ஹெட்டைக் கழற்றினார். வால்வுகள் எவ்வளவு அமிழ்ந்துள்ளன என்று அளந்தார். வால்வு இருக்கைகளைப் புதிதாக இறக்கினார். பிஸ்டன் எவ்வளவு மேலெழுகிறது என்று பார்த்து, அதற்கேற்ற கேஸ்கெட்டைத் தேர்ந்தார். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில், டார்க் ஸ்பானரால் முறுக்கினார். இறுதியில் ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்துப் பார்த்தார். ஆறும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டின.

“முதலிலேயே அளந்திருந்தால் எனக்கு மூன்று மாதத் தவணை மிஞ்சியிருக்கும்” என்று மாமன் சொன்னார்.

எந்த ஹெட்டை மாற்றினாலும், அன்பர்களே, போல்ட்டுத் துளையைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். கேஸ்கெட்டின் தடிப்பையும், வால்வின் ஆழத்தையும், எரியறையின் கொள்ளளவையும் அளந்தபின்னரே ஸ்பானரைக் கையில் எடுங்கள்.