சுருட்டுக்கு 70, மல்லாட்டைக்கு எவ்வளவு?

போன எபிசோடுக்குப் பிறகு வெளிநாட்டுல இருக்கிற ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "சுருட்டு வைக்கிற பெட்டியில ஈரப்பதம் எத்தனை சதவீதம் இருக்கணும்? ஒருத்தர் 65ங்கிறார், இன்னொருத்தர் 70ங்கிறார். எதை நம்புறது?"

நான் புகை பிடிக்கிறவன் இல்லை, யாரையும் பிடிக்கச் சொல்லவும் மாட்டேன். ஆனா இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது. நான் இப்போ பேசுறது செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற சிங்கவரத்துல இருந்து. அடுத்த ரூம்ல மல்லாட்டை மூட்டை அடுக்கியிருக்கு. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன்: மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டைதான் எங்க பக்கம் இப்படித் தேஞ்சு போச்சு. ஒரு பெட்டி சுருட்டுக்கு 65ஆ 70ஆன்னு மணிக்கணக்கா விவாதம் பண்றாங்க. ஒரு குடும்பத்தோட நாலு மாச உழைப்பு அடுக்கியிருக்கிற ரூம்ல அந்த எண்ணைப் பார்க்கிறதுக்கு ஒரு மீட்டர்கூடக் கிடையாது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல நேயருக்குப் பதில். 65ல இருந்து 70க்குள்ள எங்க இருந்தாலும் சரி. 60க்குக் கீழே ரொம்ப நாள் இருந்தா மேல் இலை வெடிக்கும். 72, 75ன்னு ஏறினா பூஞ்சை வரும். சூடும் சேர்ந்துட்டா புகையிலை வண்டு பொரிக்கும். நம்ம ஊர் வெப்பத்துல நான் 65 பக்கம்தான் சாய்வேன். சுருட்டு ஒண்ணும் நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. இங்கிலீஷ்ல 'செரூட்'னு ஒரு வார்த்தை இருக்கே, அது நம்ம 'சுருட்டு'ல இருந்து போனதுதான். 1887ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்லயே சாம்பலைப் பார்த்து 'இது திருச்சி சுருட்டு'ன்னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார்.

சதவீதம்னா எதோட சதவீதம்?

இங்கதான் குழப்பம் ஆரம்பிக்குது. சுருட்டுக்காரங்க சொல்ற 70 காத்தோட ஈரப்பதம். அந்த வெப்பநிலையில காத்து அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில எவ்வளவு இப்போ இருக்குங்கிற கணக்கு. நெல் கொள்முதல் நிலையத்துல '17 சதவீதம் வரைக்கும் எடுப்போம்'னு சொல்றாங்களே, அது தானியத்தோட எடையில தண்ணி எவ்வளவுங்கிற கணக்கு. ரெண்டுக்கும் பேரு ஈரப்பதம்தான், அளவு வேற வேற.

ஆனா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒரு மூடின டப்பாவுல மல்லாட்டையைப் போட்டு வைங்க. காத்து காய்ஞ்சு இருந்தா கொட்டையில இருந்து ஈரம் வெளியே வரும். காத்து ஈரமா இருந்தா கொட்டை இழுத்துக்கும். கொஞ்ச நேரத்துல ரெண்டும் ஒரு சமநிலைக்கு வந்து நிக்கும். சாப்ட்வேர் பாஷையில சொன்னா ரெண்டு சர்வரும் ஸிங்க் ஆயிடுச்சு. அந்த நிலையில காத்துல எண் என்னவோ, அதுதான் பூஞ்சைக்குத் தெரியிற எண். கொட்டையில தண்ணி எத்தனை கிராம் இருக்குங்கிறது பூஞ்சைக்கு முக்கியமில்லை, அதுல எவ்வளவு குடிக்கக் கிடைக்குங்கிறதுதான் முக்கியம்.

அதனாலதான் நெல்லுக்கு 14 சதவீதம் போதும்னு சொல்ற அதே ஆளுங்க மல்லாட்டைப் பருப்புக்கு 7 கேட்கிறாங்க. மல்லாட்டைப் பருப்புல ஏறக்குறையப் பாதி எண்ணெய். எண்ணெய் தண்ணியைப் பிடிச்சு வைக்காது. இருக்கிற தண்ணி எல்லாம் மீதிப் பாதியிலதான் உட்கார்ந்திருக்கும். எண்ணெயை ஒதுக்கிட்டு மீதியை மட்டும் கணக்குப் போட்டா, அந்த 7 சதவீதம் 13 பக்கம் வந்துடும். அதாவது நெல்லோட 14ம் மல்லாட்டையோட 7ம் கிட்டத்தட்ட ஒரே இடம். ரெண்டுக்கும் காத்துல படிக்கிற எண் 70 பக்கம்.

கவனிச்சீங்களா? சுருட்டுக்காரங்க ஆசையா வைக்கிற 70தான் நமக்கு அபாயக்கோடு. அவங்க ஈரம் போயிடக் கூடாதுன்னு பார்க்கிறாங்க. நாம ஈரம் வந்துடக் கூடாதுன்னு பார்க்கணும்.

70ஐத் தாண்டினா என்ன ஆகும்?

1960ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிகள் செத்துப் போச்சு. காரணம் தெரியாம 'எக்ஸ் நோய்'னு பேர் வச்சாங்க. கடைசியில தீவனத்துல இருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம்னு தெரிஞ்சது. அதுல வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ்ங்கிற பூஞ்சையோட நஞ்சுக்குத்தான் அஃப்ளாடாக்சின்னு பேரு. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும்னு உறுதியான பொருள். இந்தியாவுல உணவுக்கான கடலையில இதுக்கு வரம்பு கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்குலதான். கண்ணுக்குத் தெரியிற அளவே இல்லை.

வறுத்தா முழுசாப் போகாது. செக்குல ஆட்டினா பெரும்பகுதி பிண்ணாக்குல தங்கும். அந்தப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்கிறோம். மாடு அதை வேற வடிவத்துல பால்ல இறக்கும். பால்ல ஈரம் தெரியாது, பூஞ்சை தெரியாது, வாசனையும் வராது. மல்லாட்டை மூட்டைக்கும் குழந்தையோட பால் டம்ளருக்கும் நடுவுல இவ்வளவுதான் தூரம்.

ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். வறட்சியில காய் மண்ணுக்குள்ள இருக்கும்போதே இந்தப் பூஞ்சை வந்துடலாம். காய வைக்கிறது வந்த நஞ்சை எடுக்காது, இனிமே வளராம நிறுத்தும், அவ்வளவுதான். அதனால சுருங்கினது, நிறம் மாறினது, உடைஞ்சது எல்லாத்தையும் பொறுக்கி எறியணும். மாட்டுக்கும் போடக் கூடாது.

அப்போ ஏன் யாரும் நல்லா காய வைக்கிறதில்லை?

காசு. 10 சதவீத ஈரத்துல 100 கிலோ பருப்பு இருக்குன்னு வைங்க. அதை 7க்குக் கொண்டுவந்தா 96 கிலோ 800 கிராம்தான் நிக்கும். 3 கிலோ 200 கிராம் வெயில்ல போச்சு. அந்த எடைக்கு யாரும் காசு தர மாட்டாங்க. பல இடங்கள்ல காயை உடைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கிற பழக்கமும் இருக்கு, பருப்பு நொறுங்காதுங்கிறதுக்காக. களத்துல நாலு நாள் புரட்டிப் புரட்டிக் காய வச்சதை அரை மணி நேரத்துல கெடுக்கிற வேலை அது.

போன வருஷம் ஒரு வியாபாரி எங்க மூட்டையில கையை விட்டார். ரெண்டு காயை உடைச்சு வாயில போட்டார். "ஈரம் இருக்குண்ணே"ன்னு அப்பாகிட்டச் சொல்லி விலையை இறக்கினார். "எத்தனை சதவீதம்ங்க?"ன்னு நான் கேட்டேன். "இத்தனை வருஷமா வாயிலதான் பார்க்கிறேன் தம்பி"ன்னு சிரிச்சார். அவர் சொன்னது சரியாவும் இருக்கலாம். காதுகிட்ட ஆட்டினா கலகலன்னு சத்தம் கேட்கணும், கடிச்சா நறுக்குன்னு உடையணும்னு அப்பா பார்க்கிறதும் நல்ல சோதனைதான். ஆனா பேரம் நடக்கிற இடத்துல ரெண்டு பேரோட பல்லும் ஒரே பதில் சொல்றதில்லை. அப்போ எண் யார் கையில இருக்கோ அவங்க பேச்சு நிக்கும்.

சுருட்டுக்காரங்ககிட்ட இருந்து ஒரு தந்திரம்

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் கிடைக்குது. பிரச்சினை என்னன்னா அது அஞ்சு, பத்து புள்ளி தப்பாக் காட்டலாம். இதைச் சரிபார்க்க சுருட்டுக்காரங்க வச்சிருக்கிற வழி உப்பு. சோத்து உப்பு ஒரு ஸ்பூன் எடுத்து, சில சொட்டு தண்ணி விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாங்க, கரைய விடாதீங்க. ஒரு பாட்டில் மூடியில அதை வச்சு, மீட்டரையும் சேர்த்துக் காத்து புகாத டப்பாவுல மூடி, ராத்திரி முழுக்க வைங்க. அந்த டப்பாவுக்குள்ள ஈரப்பதம் 75 சதவீதம்தான் இருக்கும். சென்னையா இருந்தாலும் செஞ்சியா இருந்தாலும் 75. மீட்டர் 71னு காட்டினா, இனிமே காட்டுற எண்ணோட 4 கூட்டிக்கங்க.

அடுத்தது மல்லாட்டை. மூட்டைக்குள்ள பல இடத்துல இருந்து எடுத்து, ஒரு கண்ணாடி ஜாடியில முக்கால் அளவு நிரப்புங்க. மீட்டரை உள்ளே வச்சு மூடி, வெயில் படாத இடத்துல ராத்திரி வைங்க. காலையில 65க்குக் கீழே காட்டினா மூட்டை கட்டலாம். 65க்கும் 70க்கும் நடுவுலன்னா இன்னும் ஒரு நாள் வெயில். 70க்கு மேலன்னா கட்டவே கட்டாதீங்க. மீட்டர்கூட வேண்டாம்னா, நிறம் மாறுற ஒரு அட்டை இருக்கு. அமெரிக்காவுல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல 'டிரைகார்டு'ன்னு செஞ்சிருக்காங்க. அதுலயும் எல்லைக்கோடு இதே 65தான்.

குளிர்ச்சியான இடம்ங்கிற பொறி

'குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்'னு எல்லாப் பாக்கெட்டுலயும் எழுதியிருக்கும். 35 டிகிரியில 50 சதவீதம் ஈரப்பதம் இருக்கிற காத்தை எடுத்து அப்படியே 25 டிகிரிக்குக் குளிர வச்சா, ஈரப்பதம் 89 பக்கம் போயிடும். ஒரு சொட்டு தண்ணியும் சேர்க்கல, வெப்பம் மட்டும்தான் இறங்கிச்சு. தகரக் கூரையும் தார்ப்பாயும் ராத்திரியில செய்யிறது இதைத்தான். பகல்ல சூடான காத்து, ராத்திரி குளிர்ந்து தார்ப்பாய்க்கு அடியில வேர்த்து, மேல் மூட்டையில சொட்டும். ராஜகிரி அடிவாரத்துல இருக்கிற தானியக் களஞ்சியத்தோட சுவரைப் பார்த்திருப்பீங்க. அவ்வளவு கனமான சுவருக்குள்ள பகலுக்கும் ராத்திரிக்கும் வெப்பம் சட்டுன்னு மாறாது. 2025 ஜூலையில செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ பட்டியல்ல இடம் கிடைச்சப்போ எல்லாரும் மலையைப் படம் எடுத்தாங்க. அடுத்த தடவை போனா களஞ்சியத்தையும் பாருங்க.

இதே காரணத்தால, ஜன்னலைத் திறந்து காத்தாட விடுறது எப்பவும் நல்லதுன்னு சொல்ல முடியாது. வெளிக்காத்து உள்ளே இருக்கிறதைவிடச் சூடா இல்லாம, அது காட்டுற எண்ணும் ஜாடி எண்ணைவிடக் குறைவா இருந்தாத் திறங்க, இல்லைன்னா மூடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மூடியே வைங்க. சாதாரணச் சாக்கு மூச்சு விடும், வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே இழுக்கும். காத்து புகாத பை அதைத் தடுக்கும், ஆனா நல்லா காய்ஞ்சதைத்தான் அதுல கட்டணும். ஈரத்தோட கட்டினா ஈரம் வெளியே போக வழியே இருக்காது. மூட்டைக்கு அடியில பலகை போடுங்க, சுவரை ஒட்டி அடுக்காதீங்க.

விதைக்கு வைக்கிறதா இருந்தா உடைக்காம காயாவே வைங்க, தோல்தான் அதுக்குப் பெட்டி. ஹாரிங்டன்னு ஒரு விதை விஞ்ஞானி சொன்ன கணக்கு: விதையில ஈரம் ஒரு சதவீதம் குறைஞ்சா ஆயுள் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். எங்க பக்கத்துத் திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.எம்.வி. ரகமே வாங்கி வச்சிருந்தாலும், விதை முளைக்கிறது இந்த எண்ணை நம்பித்தான் இருக்கு.

ஆக, ஒரு மீட்டர், ஒரு ஜாடி, ஒரு ஸ்பூன் உப்பு. இந்த அறுவடைக்கு மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி செஞ்சு பாருங்க. உங்க ஜாடி என்ன காட்டுதுன்னு ஊர்ப் பேரோட எனக்கு அனுப்புங்க. கேள்வி கேட்ட நேயருக்கு, உங்க பெட்டி 65லயே இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.